ஆறாம் நம்பர் மலைக்கு மேலே

கன்னியர் மடம்,
யாழ்ப்பாணம்.
07.01.2024

அன்புத் தம்பி ஜூட்சனுக்கு அக்கா ஜெனுஷா எழுதுவது. ஆண்டவர் புண்ணியத்தில் நான் சுகமாக இருக்கிறேன். அம்மாவின் முழங்கால் வலி எப்படி? உனக்கு இருமல் விட்டதா? பனிக்காலம், தலையை மூடாமல் பைக்கில் ஹட்டனுக்குப் போகாதே.

பயிற்சி வருடம் முடியும்வரை எங்களுக்குப் போன் கிடையாது. மாதத்துக்கு ஒரு கடிதம் எழுதலாம், அவ்வளவுதான். ஆகவே என் ஒரே கடிதத்தை உனக்கு எழுதுகிறேன். அம்மாவுக்கு நீ வாசித்துக் காட்டு. அம்மா எழுத்துக் கூட்டி வாசிப்பார் என்றாலும், கண்ணாடி எங்கே வைத்தேன் என்று தேடியே பொழுது போய்விடும்.

நத்தார்ப் பண்டிகைக்கு வந்த ஃபாதர் சொன்னார், நீ ஏதோ பறக்கும் கமெரா வைத்திருக்கிறாயாமே! இங்கே என்னோடு படிப்பவர்கள் எல்லோரும் யாழ்ப்பாணம், மன்னார்ப் பிள்ளைகள். மலையையே பார்க்காதவர்கள். "உங்கட ஊர் எப்பிடி இருக்கும்?" என்று கேட்டுக் கேட்டு என்னைத் துளைக்கிறார்கள். நீ படம் எடுத்து பென் டிரைவில் அனுப்பினால் உயிர்ப்பு ஞாயிறன்று மண்டபத்து டிவியில் போடலாம் என்று எங்களுக்குப் பொறுப்பான மதர் சொல்லிவிட்டார்.

நம் கோயிலை எடு. மவுஸ்ஸாக்கலை அணைத் தண்ணியை எடு. காலையில் சிவனொளிபாதமலை தெரிந்தால் அதையும் எடு. நம் லயத்து வீட்டுப் பக்கம் வேண்டாம் தம்பி. ஒழுகுகிற கூரையையும் காயப்போட்ட துணியையும் பார்த்து அவர்கள் என்ன செய்யப் போகிறார்கள்? அம்மாவை எடுப்பதென்றால் ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போகும்போது, அந்த நீலச் சேலையில் எடு.

உங்கள் இருவருக்காகவும் தினமும் செபிக்கும்,
அக்கா ஜெனுஷா

—

மேற்பிரிவு,
மஸ்கெலியா.
21.01.2024

சிஸ்டர் ஆகப்போகும் என் அக்காவுக்கு, இன்னும் பாவியாகவே இருக்கும் தம்பியின் வணக்கம். இருமல் போய்விட்டது. அம்மாவின் முழங்கால் மழைக்கு வலிக்கிறது, வெயிலுக்கும் வலிக்கிறது. மற்றபடி சுகம்.

ட்ரோன் என்னுடையது அல்ல அக்கா. ஹட்டன் ஸ்டூடியோ தர்ஷன் அண்ணனுடையது. கல்யாண சீசனுக்குள் பழகிக்கொள், பழகினால் ஸ்டூடியோவில் நிரந்தரமாக வைத்துக்கொள்கிறேன் என்று தந்திருக்கிறார். கொழும்பில் பதிந்து எண்ணும் ஒட்டியாகிவிட்டது. தோட்டத் துரையிடமும் கேட்டேன். கோயிலையும் மைதானத்தையும் எடு, வேலை நடக்கிற மலைப் பக்கம் கொண்டுபோகாதே என்றார்.

முதல் நாள் நடந்த கூத்தைக் கேளுங்கள். நான்கு விசிறி இருக்கிறது. இரண்டு இடப்பக்கம் சுற்றும், இரண்டு வலப்பக்கம் சுற்றும். நான் மாற்றிப் பூட்டிவிட்டேன். பொத்தானை அழுத்தியதும் அந்த இடத்திலேயே குட்டிக்கரணம் போட்டுக் கவிழ்ந்தது. லயத்துப் பிள்ளைகள் கைதட்டினார்கள். பிறகு திசைகாட்டியைச் சரிசெய்ய அதைக் கையில் பிடித்துக்கொண்டு ஒரு சுற்றுச் சுற்ற வேண்டும், மூக்கைக் கீழே சாய்த்து இன்னொரு சுற்று. தகரக் கூரைக்குப் பக்கத்தில் செய்தால் அதற்குத் திசை பிசகிவிடும். ஆகவே மைதானத்தின் நடுவில் நின்று சுற்றினேன். "எந்தச் சாமிடா எறங்கிருக்கு?" என்று அழகன் அண்ணன் கேட்டார்.

அழகன் அண்ணனைத் தெரியும்தானே, லயத்தில் நம் பக்கத்துக் காம்பரா வீடு. இப்போது நிழல் மரங்களுக்குக் கிளை வெட்டுகிற வேலை அவருக்கு. வேலை முடிந்து வந்து, வெயிலில் என் போன் திரை தெரிவதற்காகக் குடை பிடித்துக்கொண்டு நிற்பார். அவர் மனைவி சண்முகவடிவு அக்காதான் கொழுந்து எடுக்கையில் அம்மாவுக்குப் பக்கத்து நிரை.

நான் கவனமாகத்தான் இருக்கிறேன். குளிரில் பெட்டரி சீக்கிரம் இறங்கும் என்று கக்கத்தில் வைத்துச் சூடாக்கிக்கொண்டு போகிறேன். கண்ணுக்குத் தெரிகிற தூரத்தில்தான் விட வேண்டும். காற்றும் பனிமூட்டமும் வந்தால் இறக்கிவிட வேண்டும். மனிதர் தலைக்கு மேலே விடவே கூடாது. அப்படியே தவறினாலும் ஒரு பொத்தான் இருக்கிறது. அழுத்தினால் புறப்பட்ட இடத்துக்குத் தானாகவே திரும்பி வந்துவிடும். எவ்வளவு உயரத்தில் திரும்ப வேண்டும் என்று முதலிலேயே குறித்துவைக்க வேண்டும். வீடியோவில் சொல்லிக்கொடுக்கிறவர் முப்பது மீட்டர் தாராளம் என்றார். குறித்துவிட்டேன்.

லயம் வேண்டாம் என்கிறீர்கள். பிறகு எங்களை எங்கே நிறுத்திப் படம் எடுப்பது? துரை பங்களா வாசலிலா?

அம்மாவின் முத்தங்களுடன்,
ஜூட்சன்

—

கன்னியர் மடம்,
யாழ்ப்பாணம்.
10.02.2024

அன்புள்ள தம்பிக்கு, கர்த்தர் உன்னைக் காப்பாராக. நான் சுகம். உன் கடிதத்தை வாசித்து வாய்விட்டுச் சிரித்து, மௌன நேரத்தில் சிரித்ததற்கு மதரிடம் பேச்சு வாங்கினேன்.

துரை பங்களா என்று குத்தினாய். நான் தப்பாக ஒன்றும் எழுதவில்லையே. இங்கே சிலர் தோட்டம் என்றாலே ஒரு மாதிரிப் பார்க்கிறார்கள். அது உனக்குப் புரியாது.

புதன்கிழமை தவக்காலம் தொடங்குகிறது. உயிர்ப்பு ஞாயிறுவரை நாங்கள் கடிதம் எழுதமாட்டோம். வருகிறதை மட்டும் தருவார்கள். பென் டிரைவை மதர் பெயருக்கு, குருத்து ஞாயிறுக்கு முதல் வந்து சேரும்படி பதிவுத் தபாலில் போடு.

மனிதர் தலைக்கு மேலே விடக் கூடாது என்று நீயே எழுதியிருக்கிறாய். எழுதியதோடு நின்றுவிடாதே. அழகன் அண்ணனுக்கும் வடிவு அக்காவுக்கும் என் அன்பைச் சொல். நான் சின்னப் பிள்ளையாக இருக்கும்போது பள்ளிக்கூட லீவில் அவர்களோடுதான் கொழுந்து எடுக்கப் போவேன். வடிவு அக்கா தன் கூடையிலிருந்து அள்ளி என் கூடையில் போட்டு, "புள்ள நெறைய எடுத்திருக்கு" என்று கொழுந்து நிறுக்க வரும் கண்டாக்கு ஐயாவிடம் சொல்வார்.

தவக்காலம் உன்னையும் நல்வழியில் நடத்தட்டும்.
அக்கா

—

மஸ்கெலியா.
17.03.2024

அன்புள்ள அக்காவுக்கு,

நாங்கள் சுகம். நீங்களும் சுகமாக இருக்க வேண்டுகிறேன்.

பென் டிரைவை மதர் பெயருக்கு நேற்றுப் பதிவுத் தபாலில் போட்டுவிட்டேன். கோயில், தண்ணி, மலை எல்லாம் இருக்கிறது. கடைசியில் அம்மா கொழுந்து எடுக்கிறதும் கொஞ்சம் இருக்கிறது. நீலச் சேலையில் இல்லை என்று கோபிக்க வேண்டாம். அம்மா என்னைப் பார்த்துக் கை அசைத்தார். வெட்டி எறிய மனம் வரவில்லை.

இங்கே ஆறாம் நம்பர் மலையில் குளவி கலைந்து கொழுந்து எடுத்தவர்களைக் கொட்டிவிட்டது. அம்மாவுக்கும் கழுத்திலும் கையிலும் கொட்டியது. ஊசி போட்டு அனுப்பிவிட்டார்கள், பயப்படும்படி இல்லை. சண்முகவடிவு அக்காவுக்குத்தான் அதிகம். ஆஸ்பத்திரியில் வைத்திருக்கிறார்கள். அதற்கு முதல் நாள் அழகன் அண்ணன் அந்த இடத்தில் சவுக்கு மரங்களுக்குக் கிளை வெட்டியிருந்தார். அந்த ஆட்டத்தில்தான் கூடு கலைந்தது என்று எல்லோரும் சொல்கிறார்கள்.

படமெல்லாம் அதற்கு முந்தின கிழமையே எடுத்தது. ட்ரோன் இப்போது பழுது. பைக்குள் கிடக்கிறது.

வேறு விசேஷம் இல்லை.
ஜூட்சன்

—

கன்னியர் மடம்,
யாழ்ப்பாணம்.
02.04.2024

அன்பின் ஜூட்சன், உயிர்த்த ஆண்டவரின் சமாதானம் நம் வீட்டில் தங்கட்டும். அம்மாவுக்கு வீக்கம் வற்றிவிட்டதா? உன் கடிதம் வந்த நாளிலிருந்து வடிவு அக்காவுக்காகத்தான் என் செபமாலை. ஏன் இவ்வளவு சின்னக் கடிதம்? வழக்கமாக ஒரு பக்கம் கிண்டல் எழுதிவிட்டுத்தானே விஷயத்துக்கு வருவாய்?

படத்தை ஞாயிறு மத்தியானம் போட்டார்கள். எல்லோரும் வாய் பிளந்து பார்த்தார்கள். தண்ணிக்கு மேலே பனி எழும்புகிற இடத்தில் மன்னார்ப் பிள்ளை பிரேமினி, "இது நம்மட நாடுதானா?" என்றாள். கோயில் மணிக்கூண்டைச் சுற்றி வந்தாயே, அந்த இடத்தில் கைதட்டல். கடைசியில் கொழுந்து மலை வந்தது. அம்மா நிமிர்ந்து கை அசைத்ததும் இவர்களும் டிவியைப் பார்த்துக் கை அசைத்தார்கள். நல்ல சிரிப்பு.

மதர் உனக்கு நன்றி சொல்லச் சொன்னார். பிறகு நாங்கள் பாத்திரம் கழுவப் போய்விட்டோம். எனக்கு அன்று தலையிடி, நேரத்தோடு படுத்துவிட்டேன்.

வடிவு அக்கா வீட்டுக்கு வந்துவிட்டாரா? அழகன் அண்ணன் எப்படி இருக்கிறார்? எழுது.

உன் நினைவோடு,
அக்கா

—

மஸ்கெலியா.
20.04.2024

அன்புள்ள அக்கா, சுகம் விசாரித்தீர்கள். உடம்புக்கு ஒன்றுமில்லை.

சண்முகவடிவு அக்கா வீட்டுக்கு வந்துவிட்டார். முகம் இன்னும் பழையபடி ஆகவில்லை. ஒரு கண்ணிமை சரியாகத் திறக்கவில்லை. வாசலில் ஈ பறந்தாலும் முக்காட்டை இழுத்து மூடிக்கொள்கிறார். மலைக்குப் போகப் பயம், இன்னும் வேலைக்குப் பெயர் கொடுக்கவில்லை.

அழகன் அண்ணனைத்தான் பார்க்க முடியவில்லை. காலையில் வேலை பிரிக்கிற பெரட்டுக்களத்தில் எல்லோர் முன்னாலும் கண்டாக்கு ஐயா ஏசினார். "கூடு இருக்கிற எடத்துல வாது வெட்டுவியா? கண்ணு எங்க இருந்திச்சு?" கிளை வெட்டுகிற வேலையிலிருந்து எடுத்துவிட்டார்கள். முதலில் அழகன் அண்ணன், "அந்த மரத்த நான் தொடவே இல்லீங்க, கூட்டப் பாத்துட்டுப் பக்கத்து மரத்தோட நிப்பாட்டிட்டேன்" என்றுதான் சொன்னார். எல்லோரும் திரும்பத் திரும்பச் சொல்ல, இப்போது அவரே நம்பிவிட்டார். "நான் வெட்டுன வாது விழுந்துதான் ஆடிருக்கும். என் பொஞ்சாதிய என் கையாலயே கொல்லப் பாத்தேனே" என்கிறார். ஆஸ்பத்திரிக்குப் போனவர் வார்டுக்குள் போகாமல் வெளியே மரத்தடியிலேயே நின்றுவிட்டு வந்தாராம். இப்போதும் வீட்டுக்குள் மனைவி முகத்தைப் பார்ப்பதில்லை. லயத்துப் பின்னால் விறகடியில் உட்கார்ந்திருக்கிறார்.

அம்மா தினமும் அந்த வீட்டுக்குச் சோறு கொண்டுபோகிறார். தன் கை வீக்கம் வற்றுவதற்கு முதலே போகத் தொடங்கிவிட்டார். நான் கொண்டுபோகிறேன் என்றேன். "நீ போகாத" என்றார். என்னோடு பேசுவதும் குறைந்துவிட்டது. களைப்பாக இருக்கும்.

அழகன் அண்ணனுக்காகச் செபியுங்கள். எனக்காகவும்.
ஜூட்சன்

—

கன்னியர் மடம்,
யாழ்ப்பாணம்.
05.05.2024

என் தம்பிக்கு, ஆண்டவர் நம் இருவர் மேலும் இரக்கமாயிருக்கட்டும்.

போன கடிதத்தில் தலையிடி என்று எழுதினேன். தலையிடி இல்லை. படத்தில் அம்மா வந்ததும் பக்கத்தில் இருந்த நிலக்ஷி கேட்டாள்: "இந்த அம்மா ஆரடி? எவ்வளவு வடிவாக் கை காட்டுறா!" அம்மா கூடையோடு, இடுப்பில் சாக்குப் படங்கு கட்டிக்கொண்டு, சேறு பட்ட காலோடு நிற்கிறார். நான் வந்த புதிதில் இவர்களிடம் என் அம்மா பாலர் பள்ளியில் வேலை செய்கிறார் என்று சொல்லிவைத்திருந்தேன். "தெரியேல்ல, தோட்டத்து ஆரோவா இருக்கும்" என்றேன். அவர்கள் பாஷையிலேயே சொன்னேன் தம்பி. சொல்லிவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டேன். படம் முடியும்வரை நிமிரவில்லை. எனக்கு அவ்வளவு வெட்கம். இப்போது அந்த வெட்கத்தை நினைத்து வெட்கம்.

அன்றிலிருந்து பூசையில் நற்கருணை வாங்கப் போகவே கால் வரவில்லை. கடைசியில் மதரிடம் சொன்னேன். "இதை எனக்குச் சொல்லி என்ன? அவர்களுக்குச் சொல்" என்றார். இன்று பூசை முடிந்ததும் படத்தை மறுபடி போடச் சொன்னேன். அம்மா வந்த இடத்தில் எழுந்து நின்று, "இதுதான் என் அம்மா. மார்கிரட். கொழுந்து எடுக்கிறவர். நான் பொய் சொன்னேன்" என்றேன். நிலக்ஷி என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

அப்போதுதான் அம்மாவின் முகத்தை முதல்தடவையாக ஒழுங்காகப் பார்த்தேன்.

ஜூட்சன், அம்மா கை அசைக்கவில்லை. நீ கொழுந்து எடுக்கப் போனதில்லை, உனக்குத் தெரியாது. குளவிக் கூட்டுக்குப் பக்கத்தில் யாரும் சத்தம் போடமாட்டார்கள். பேசவும் மாட்டார்கள். உள்ளங்கையைக் கீழே கவிழ்த்து, நெஞ்சளவில் வைத்துப் பக்கவாட்டில் தள்ளிக் காட்டுவார்கள். 'கூடு இருக்கு, விலகிப் போ' என்று அர்த்தம். வடிவு அக்கா எனக்குச் சொல்லித்தந்தது. அம்மா உனக்கு அதைத்தான் காட்டுகிறார். ஒரு தரம் அல்ல, திரும்பத் திரும்பக் காட்டுகிறார். முகத்தில் சிரிப்பே இல்லை.

இன்னொன்றும் பார்த்தேன். படத்தின் ஓரத்தில் அந்த மரம் தெரிகிறது. கூடு அசையாமல் தொங்குகிறது. மரத்தில் ஒரு கிளைகூட வெட்டுப்படவில்லை. பக்கத்து மரத்தடியில்தான் வெட்டிப்போட்ட கிளைகள் கிடக்கின்றன. இலை இன்னும் பச்சை. அழகன் அண்ணன் கிளை வெட்டியது குளவி கலைந்ததற்கு முதல் நாள் என்று நீதான் எழுதினாய். அப்படியானால் இந்தப் படம் முந்தின கிழமை எடுத்ததல்ல.

பனிமூட்டம் இறங்குகிற இடத்தில் படம் சட்டென்று நிற்கிறது. அதற்குப் பிறகு என்ன நடந்தது, தம்பி?

ஜெனுஷா

—

கன்னியர் மடம்,
யாழ்ப்பாணம்.
09.06.2024

தம்பிக்கு, நீயும் அம்மாவும் சுகமா? போன மாதம் உன் கடிதம் வரவில்லை.

நான் உன்னை மிரட்டவில்லை. என் தாயைத் தெரியாது என்று சொன்னவள் யாரை மிரட்டுவது? ஆனால் ஒன்றை யோசித்துப் பார். அம்மா அந்த மரத்தைப் பார்த்தார், உன் ட்ரோனையும் பார்த்தார். பிறகு நடந்ததையும் பார்த்திருப்பார். இவ்வளவு நாளும் ஏன் உன்னோடு பேசவில்லை என்று நினைக்கிறாய்?

நீ பேசாமல் இருக்கிற ஒவ்வொரு நாளும் அழகன் அண்ணன் அந்த விறகடியில் உட்கார்ந்திருக்கிறார்.

அக்கா

—

மஸ்கெலியா.
30.06.2024

அக்கா, எப்படித் தொடங்குவது என்று தெரியவில்லை. எங்களுக்கு உயிருக்கு ஒன்றுமில்லை. அதை மட்டும் முதலில் எழுதுகிறேன்.

அன்று மைதானத்திலிருந்துதான் ஏற்றினேன். வேலை நடக்கிற மலைக்குக் கொண்டுபோகாதே என்று துரை சொல்லியிருந்தார். அம்மா இல்லாமல் என்ன படம் என்று கொண்டுபோனேன். மலை மேடு அக்கா. ட்ரோன் உயரத்தை அளப்பது அது புறப்பட்ட இடத்திலிருந்து. முப்பது மீட்டர் என்பது மைதானத்துக்கு முப்பது மீட்டர். ஆறாம் நம்பர் மலையில் அது கொழுந்துச் செடிக்கு மேலே ஓர் ஆள் உயரம்கூட இல்லை. சமவெளியில் பழகினவர் சொன்ன கணக்கை நான் மலையில் போட்டேன். பிறந்ததிலிருந்து ஏறி இறங்குகிற மலை, எனக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

அம்மாவுக்குக் கிட்டப் போனேன். அம்மா கையைக் காட்டினார். எனக்குச் சந்தோஷம். இன்னும் கிட்டப் போனேன். அதற்குள் பனிமூட்டம் இறங்கி ட்ரோன் கண்ணுக்கு மறைந்துவிட்டது. பயந்து, திரும்பி வருகிற பொத்தானை அழுத்தினேன். ஏற்கெனவே போதுமான உயரத்தில் இருக்கிறோம் என்று அது மேலே ஏறவே இல்லை. நேரே திரும்பியது. நேரே அந்த மரம்.

பெண்கள் அலறியது மைதானத்துக்குக் கேட்டது. நான் ஓடினேன். யாரைத் தூக்க ஓடினேன் என்று நினைக்கிறீர்கள்? ட்ரோனை எடுக்க ஓடினேன். யாராவது பார்ப்பதற்கு முன்னால் எடுத்துவிட வேண்டும் என்பதுதான் மனதில் இருந்தது. கீழ்ப் பாதையில் உடைந்து கிடந்தது. எடுத்துச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு திரும்பினால், வடிவு அக்கா நிரையில் விழுந்து கிடக்கிறார். அம்மா தன் படங்கை அவிழ்த்து அவர்மேல் போட்டு, அதன்மேல் தானும் கவிழ்ந்து படுத்திருக்கிறார். நான் கிட்டப் போகவில்லை. மற்ற ஆட்கள் சாக்கை நனைத்துக்கொண்டு வந்துதான் தூக்கினார்கள்.

அழகன் அண்ணன்மேல் பழி விழுந்தபோது, அப்பாடா என்று இருந்தது. இதை எழுதக் கை கூசுகிறது.

உங்கள் கடைசிக் கடிதம் வந்த பிறகும் சில நாள் பையில் வைத்துக்கொண்டே திரிந்தேன். போன செவ்வாய் விடியப் பெரட்டுக்களத்துக்குப் போனேன். எல்லோரும் நின்றார்கள். அழகன் அண்ணன் கடைசியில், யாரோடும் சேராமல் நின்றார். "கண்டாக்கு ஐயா, அழகன் அண்ணன் ஒன்னும் பண்ணல. நான்தான். என் ட்ரோன்தான் கூட்டுல மோதிச்சு" என்றேன். "என்னடா, சத்தமாச் சொல்லு" என்றார் ஐயா. மறுபடி சொன்னேன்.

வெட்டாத முழுப் படத்தையும் போனில் காட்டினேன். அழகன் அண்ணன் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து பார்த்தார். திரும்பப் போடச் சொன்னார். பிறகு திரையில் விரலை வைத்து, "இந்தா பாருங்க, வாது இருக்கு. கூடு இருக்கு. நான் தொடலயே" என்று ஒவ்வொரு ஆளிடமாகக் காட்டினார். என்னை ஏசவில்லை. என் முகத்தைப் பார்க்கவே இல்லை. போனை என் கையில் திணித்துவிட்டு லயத்துக்கு ஓடினார். "வடிவு! நான் இல்ல வடிவு! நான் இல்ல!" என்று கத்திக்கொண்டே ஓடினது பெரட்டுக்களம்வரை கேட்டது. அடித்திருந்தால் தாங்கியிருப்பேன் அக்கா.

துரை கூப்பிட்டு விசாரித்தார். பொலிசிலும் எழுதிக் கொடுத்துவிட்டேன். தர்ஷன் அண்ணன் ட்ரோனை வாங்கிக்கொண்டு, இனி வர வேண்டாம் என்றார். அதெல்லாம் நியாயம்தான்.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம், "உங்களுக்குத் தெரியும்தானேம்மா, ஏன் சொல்லல?" என்று கேட்டேன். அம்மா அடுப்பைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "பெத்த புள்ளைய எப்படிடா காட்டிக் குடுக்கிறது? சோறு கொண்டு போறப்பல்லாம் அழகன் எந்திரிச்சுக் கும்பிடுவான். 'அக்கா, என்னால ஒங்களுக்கும் கொட்டிருச்சே, மன்னிச்சுக்கங்க'ம்பான். நானும் சரி சரின்னு கேட்டுட்டு வந்தேன். தெனம் கேட்டுட்டு வந்தேன்." அதன் பிறகு அழுதார்.

உங்கள் விஷயத்தை நான் அம்மாவிடம் சொல்லவில்லை. அதை நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

ஜூட்சன்

—

மேற்பிரிவு,
மஸ்கெலியா.
28.07.2024

அன்பு மகள் ஜெனுஷாவுக்கு அம்மா மார்கிரட் எழுதுவது. மாதா துணை. நான் சுகம். நீ நேரத்துக்குச் சாப்பிடு. கண்ணாடி கிடைத்தது, ஆகவே நானே எழுதுகிறேன். பிழை இருந்தால் சிரிக்காதே.

நீ எனக்கென்று எழுதின கடிதம் வந்தது. யாரென்று கேட்டதற்குத் தெரியாது என்று சொன்னாய் என்று எழுதியிருந்தாய். வாசித்ததும் நெஞ்சு வலித்தது, இல்லையென்று சொல்லமாட்டேன். ஆனால் நானும் அழகனிடம் அதைத்தானே செய்தேன்? உன்னை ஏச எனக்கு வாய் இல்லை. நீ சிஸ்டராக வார்த்தைப்பாடு கொடுக்கிற நாளைக்கு நான் வருவேன். நீலச் சேலை கிழிந்துவிட்டது. இருக்கிறதைக் கட்டிக்கொண்டு வருவேன்.

ஜூட்சன் தோட்டத்திலேயே பெயர் பதிந்துவிட்டான். புல் வெட்டுகிறான். அழகனுக்குக் கிளை வெட்டுகிற வேலை திரும்பக் கிடைத்தது. இவனைக் கண்டால் அவன் பாதை மாறிப் போகிறான். இவன் காலையில் அவர்கள் வாசலில் தண்ணீர் கொண்டுபோய் வைத்துவிட்டு வருகிறான். அவர்கள் அதை எடுப்பதில்லை. இவனும் வைக்காமல் விடுவதில்லை.

சண்முகவடிவு இந்தக் கிழமை வேலைக்கு வந்துவிட்டாள். என் பக்கத்து நிரையில்தான் நிற்கிறாள். என்னோடு ஒரு வார்த்தை பேசுவதில்லை. சோறு கொண்டுபோன சட்டியைக் கழுவி நம் வாசலில் திருப்பி வைத்துவிட்டாள். நானும் பேச்சுக் கொடுக்கவில்லை. எந்த முகத்தோடு கொடுப்பது?

நேற்று எட்டாம் நம்பர் மலையில் எடுத்தோம். நான் குனிந்து எடுத்துக்கொண்டே ஒரு மரத்தடிக்குப் போய்விட்டேன், மேலே பார்க்கவில்லை. நிமிர்ந்தபோது சண்முகவடிவு என்னைப் பார்த்துக்கொண்டு நின்றாள். வாயைத் திறக்கவில்லை. உள்ளங்கையைக் கவிழ்த்து, நெஞ்சுக்கு நேரே வைத்துத் தள்ளிக் காட்டினாள். நான் விலகிப் போகும்வரை காட்டிக்கொண்டே நின்றாள்.

அம்மா